5 அடி 4 இன்ச் ஹைட்டுக்கு ஆர்15 செட் ஆகுமா? கால் எட்டல, மணிக்கட்டு வலிக்குது – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கறேன், ஏன்னா இதையே வேற வேற மாதிரி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. தாம்பரத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. "அண்ணா, என் ஹைட்டு 5 அடி 4 இன்ச், வெயிட்டு 60 கிலோ. காலேஜ் நாள்ல இருந்தே யமஹா ஆர்15 பைக் வாங்கணும்னு ஆசை. ஷோரூம்ல ஏறி உக்காந்தா கால் நுனி மட்டும்தான் தரைல படுது. ஃப்ரெண்டோட ஆர்15 வி4ஐ ஒரு நாள் சிறுசேரில இருக்கற ஆஃபீசுக்கு எடுத்துட்டுப் போனேன், போய்ச் சேர்றதுக்குள்ள மணிக்கட்டு செம வலி, விரலெல்லாம் மரத்துப்போச்சு. எனக்கு ஸ்போர்ட்ஸ் பைக்கே செட் ஆகாதா, இல்ல வண்டிய லோயர் பண்ணிக்கலாமா?" அப்படின்னு கேட்டிருக்காரு.

தம்பி, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, கால் எட்டாதது ஒரு பிரச்சனை, கை வலிக்கிறது வேற பிரச்சனை, ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிட்டு இருக்கீங்க. வண்டிய எவ்ளோ இறக்கினாலும் கை வலி போகாது. என்னக் கேட்டா உங்களுக்கு கால்தான் சின்னப் பிரச்சனை, கைதான் பெரிய பிரச்சனை.

காலை முதல்ல பாத்துடலாம். எல்லாரும் சீட் ஹைட்டுன்னு, அதாவது தரைல இருந்து சீட்டு வரைக்கும் உள்ள உயரம்னு, ஒரு நம்பரைத்தான் பாக்கறாங்க. ஆர்15 2008ல முதல்ல வந்தப்போ சீட் ஹைட்டு 790 மில்லிமீட்டர், 2011ல வி2, அதாவது ரெண்டாவது வெர்ஷன் வந்தப்போ 800, 2018ல வி3 வந்தப்போ 815, இப்ப வி4லயும் அதே 815தான். உங்க ஹைட்டுக்கு இடுப்புக்குக் கீழ உள்பக்கமா கால் நீளம் தோராயமா 750 இருக்கும். இத வீட்லயே அளக்கலாம், செருப்பில்லாம செவுத்துல சாஞ்சு நின்னு, ஒரு புக்க ரெண்டு காலுக்கு நடுவுல மேல வரைக்கும் ஏத்திப் புடிச்சு, அதோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் டேப் வெச்சுப் பாருங்க. அந்த 750ஓட ஷூ சோல் ஒரு 25 சேத்துக்கோங்க, நீங்க உக்காந்தா சஸ்பென்ஷன் ஒரு 20 அமுங்கும், ஆக 795. 815க்கு 20தான் குறையுது. அப்படின்னா குதிகால் தூக்கி இருக்கும், முன்பாதம் ரெண்டு பக்கமும் ஊணும். கணக்குப்படி ஓட்டற அளவுக்கு இருக்கு.

ஆனா இந்தக் கணக்குல வராத ஒண்ணு இருக்கு, சீட்டோட அகலம். சீட்டு டேங்க் கிட்ட ஒல்லியா இருந்தா கால் நேரா கீழ இறங்கும், அகலமா இருந்தா தொடை வெளிய விரிஞ்சு அதே ஹைட்டுல கால் எட்டாமப் போகும். அதனாலதான் 800 இருக்கற வண்டில தடுமாறுற ஆளு 810 இருக்கற இன்னொரு வண்டில ஈஸியா நிப்பாரு. ஷோரூம்ல போய் சீட்டு நடுவுல உக்காந்துட்டு எட்டலன்னு சொல்லாதீங்க, டேங்க் ஒட்டி முன்னாடி நகந்து உக்காந்து பாருங்க. அப்புறம் சிக்னல்ல ரெண்டு காலும் ஊணணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, இடுப்ப லேசா இடது பக்கம் நகத்தி இடது பாதத்த முழுசா வெச்சு, வலது கால பிரேக் மேலயே வெச்சு நிக்கப் பழகிக்கோங்க. நானும் 5 அடி 5தான், வருஷக்கணக்கா இப்படித்தான் நிக்கறேன்.

ஒருதடவ நானும் வண்டிய போட்டிருக்கேன். ஒரு பெட்ரோல் பங்க்ல, தரை சரிவா இருந்துச்சு, மேல டீசல் சிந்தியிருக்கு, நான் நுனிக் கால்ல நிக்கறேன், கால் வழுக்கினதும் அவ்ளோதான், 170 கிலோவ அந்த ஆங்கிள்ல புடிக்கவே முடியாது. எனக்கு ஒண்ணும் ஆகல, பின்னாடி இருந்த என் தங்கச்சிக்கு முட்டில அடி. இத எதுக்கு சொல்றேன்னா ஓட்டும்போது யாருக்கும் ஹைட்டு பிரச்சனையே கிடையாது, நிக்கும்போதும் தள்ளும்போதும்தான் பிரச்சனை. ஷோரூம்ல அந்த வழவழ டைல்ஸ்ல உக்காந்து பாத்தா மட்டும் போதாது, வெளிய கொண்டுவரச் சொல்லி, மேல உக்காந்தபடியே பத்தடி பின்னால தள்ளிப் பாருங்க. அங்க ஹைட்ட விட வெயிட்டு பேசும். ஆர்15 – 142 கிலோ, சுசுகி ஜிக்சர் எஸ்எஃப் 250 – 161 கிலோ, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 – 174 கிலோ, கவாசாகி நிஞ்சா 300 – 179 கிலோ. நிஞ்சால சீட் 780தான், கால் நல்லா எட்டும், ஆனா சரிவான பார்க்கிங்ல இருந்து பின்னால எடுக்கும்போது அந்த 179 உங்களுக்குத் தெரியும்.

இப்ப கைக்கு வருவோம். ஆர்15ல ஹேண்டில்பார் கீழ இருக்கு, கால் வைக்கற ஃபுட்பெக் பின்னாடி மேல இருக்கு, சோ உடம்பு முன்னாடி கவுந்து இருக்கும். இது ரேஸ் ட்ராக்ல இருந்து வந்த உக்காரற முறை. நம்ம இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ஓட்டறவங்களப் பாருங்க, யாருமே கைல வெயிட்டு போட மாட்டாங்க, முட்டியால டேங்க இறுக்கி, வயிறு முதுகு தசைல உடம்ப தாங்கிப்பாங்க. அதோட ஸ்பீடா போகும்போது எதிர்காத்து நெஞ்சத் தூக்கிக் குடுக்கும், கைக்கு வெயிட்டே வராது. நீங்க போறது வண்டலூர் கேளம்பாக்கம் ரோடோ மேடவாக்கம் வழியோ தெரியல, எதுவா இருந்தாலும் காலைல 9 மணிக்கு 30ல ஊர்ந்துதான் போவீங்க. காத்து இல்ல, நிமிஷத்துக்கு ஒரு பிரேக்கு, ஒவ்வொரு பிரேக்குக்கும் மேல் உடம்பு மொத்தமும் முன்னாடி வந்து உள்ளங்கைல எறங்கும், பின்னாடி ஆள் இருந்தா அவங்க வெயிட்டும் சேந்து முதுகுல வந்து சாயும். மணிக்கட்டு வலிக்காம என்ன பண்ணும்? வேகம் குறையக் குறைய கஷ்டம் கூடற வண்டி இது, அத யாரும் வாங்கறதுக்கு முன்னாடி சொல்றதில்ல, அதுதான் எனக்கு வருத்தம்.

விரல் மரத்துப்போறதுக்கும் அதே அழுத்தம்தான் காரணம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துதுன்னா மணிக்கட்டு நடுவுல போற நரம்பு அமுங்குது, சுண்டுவிரலும் மோதிரவிரலும்னா உள்ளங்கை வெளி ஓரத்துல போற நரம்பு. வண்டிய விட்டு எறங்கி ரொம்ப நேரம் ஆகியும் மரத்தே இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, கிளவுஸ் மாத்தினா சரியாயிடும்னு விட்டுடாதீங்க.

இதுல நீங்க சரி பண்ணக்கூடியது நிறைய இருக்கு, எதுவும் பெருசா செலவில்லாதது. பிரேக் லிவரும் கிளட்ச் லிவரும் எப்படி திரும்பியிருக்குன்னு பாருங்க. நீங்க உக்காந்து கைய நீட்டினா முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் ஒரே நேர்கோட்டுல வரணும். லிவர் மேல தூக்கி இருந்தா ஒவ்வொரு தடவையும் மணிக்கட்ட மேல மடக்குவீங்க, வலில பாதி அங்கதான். போல்ட்ட லூஸ் பண்ணி கொஞ்சம் கீழ திருப்பினா போதும், ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்து எங்கயும் இடிக்கலன்னு உறுதி பண்ணிட்டு டைட் பண்ணுங்க. கிளட்ச் ஃப்ரீப்ளே, அதாவது லிவர புடிக்க ஆரம்பிச்சதும் முதல்ல வர்ற லூஸ், அத சரியா வைங்க. டேங்க் ரெண்டு பக்கமும் கிரிப் பேட் ஒட்டுங்க, முட்டி வழுக்காம புடிக்கும். ஓட்டும்போது காலி ரோட்ல ஒரு 40ல போகும்போது, ஹேண்டில விடாம ரெண்டு முழங்கையையும் கோழி றெக்கை மாதிரி லேசா ஆட்டிப் பாருங்க. ஃப்ரீயா ஆடுச்சுன்னா சரியா உக்காந்திருக்கீங்க, ஆட முடியலன்னா கைய தூணாட்டம் ஊணியிருக்கீங்கன்னு அர்த்தம்.

லோயர் பண்றது பத்தி. பின் சஸ்பென்ஷன தாங்கற லிங்க் பட்டைய மாத்தி பின்பக்கம் மட்டும் எறக்கறாங்க, எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்ல. பின்னாடி எறங்கினா ஸ்டியரிங் ஆங்கிள் மாறி வளைவுல வண்டி மந்தமாயிடும், சைடு ஸ்டாண்ட் போட்டா வண்டி நெட்டுக்குத்தலா நின்னு லேசா தட்டினாலே அந்தப் பக்கம் விழும், நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் வேற இருக்கு. 20 மில்லிமீட்டருக்காக இவ்ளோ வேணாம். சீட் ஃபோம மேல சீவறதும் வேணாம், குஷன் போயிடும். வேணும்னா நல்ல சீட்டுக்காரர்கிட்ட குடுத்து டேங்க் ஒட்டின இடத்துல ரெண்டு ஓரத்தையும் மட்டும் கொஞ்சம் ஒல்லி பண்ணச் சொல்லுங்க, ஹைட்டு குறையாமலே கால் எறங்கும்.

சரி, எந்த வண்டி? தினமும் போக வர 60 கிலோமீட்டர்கிட்ட, அதுவும் ட்ராஃபிக்ல, அதுக்கு ஆர்15ஐ நான் சொல்ல மாட்டேன். அருமையான வண்டி, ஏலகிரி மலைல எடுத்துட்டுப் போனா எறங்கவே மனசு வராது, ஆனா உங்க ரோடு அது இல்ல. ஜிக்சர் எஸ்எஃப் 250ஐ ஒருதடவ உக்காந்து பாருங்க. சீட் 800, ஹேண்டில்பார் மேல தூக்கி வெச்சிருக்காங்க, முன்னாடியும் சைடுலயும் மூடற முழு ஃபேரிங் இருக்கு, பாக்க ஸ்போர்ட்ஸ் பைக்குதான், ஆனா முதுகு ஓரளவு நிமிந்து இருக்கும். பட்ஜெட் பெருசுன்னா நிஞ்சா 300, அதுலயும் கை மேலதான் இருக்கும். ஆர்ஆர் 310ஓட சீட் 810, ஆர்15 அளவுக்கு குனிய வேண்டியதில்ல, ஆனா ட்ராஃபிக்ல இன்ஜின் ஃபேன் ஓட ஆரம்பிச்சா தொடைப்பக்கம் சூடு வரும், மே மாசத்துல அதையும் யோசிச்சுக்கோங்க.

இதெல்லாம் கேட்டுட்டு மனசு ஆர்15லயேதான் நிக்குதுன்னா, நான் தடுக்கல, ஆசைன்னு ஒண்ணு இருக்கில்ல. ஆனா ஷோரூம்ல குடுக்கற ரெண்டு கிலோமீட்டர் டெஸ்ட் ரைட வெச்சு முடிவு பண்ணாதீங்க, அஞ்சு நிமிஷத்துல எந்த வண்டியும் வலிக்காது. ஃப்ரெண்டு வண்டி இருக்கே, லிவர நான் சொன்ன மாதிரி திருப்பி, டேங்க முட்டியால புடிச்சு, நீங்க தினம் போடற ஷூ, ஹெல்மெட், முதுகுல லேப்டாப் பேக் எல்லாத்தோடயும் இன்னொரு தடவ அதே 9 மணிக்கு சிறுசேரி போங்க. ஜிக்சரையும் யார்கிட்டயாவது இல்ல வாடகைக்காவது எடுத்து அடுத்த நாள் அதே ரோட்ல போங்க. ரெண்டுலயும் ஆஃபீஸ் பார்க்கிங்ல எறங்கினதும் விரல மடக்கி விரிச்சுப் பாத்துட்டு, எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க தம்பி.