‘லேர்ன்’ என்ற சொல்லின் தடம்

மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

கார் ஓட்டப் பழகுகிறவர்கள் வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘எல்’லுக்குள் இருக்கும் ‘லேர்ன்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இது ‘லியோர்னியன்’. இன்னும் பின்னால் போனால், ‘தடம்’ என்று பொருள்படும் ஒரு வேருக்குப் போய்ச் சேருகிறோம் என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். முன்னே போனவரின் தடம் பார்த்து நடப்பதைத்தான் அந்த மக்கள் கற்பது என்றிருக்கிறார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சொந்தபந்தச் சொற்களை வைத்துத்தான். செருப்புத் தைப்பவர்கள் கால் வடிவில் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ‘லாஸ்ட்’ என்று பெயர். ‘கடைசி’ என்று பொருள்படும் சொல் வேறு, இது வேறு. இது காலடித் தடத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மனியின் ரயில் நிலையங்களில் தண்டவாள எண்ணுக்கு முன்னால் ‘க்ளைஸ்’ என்று எழுதியிருக்கும். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லத்தீன் உறவு. அங்கே ‘லீரா’ என்றால் உழவுச் சால். சாலை விட்டு விலகுவது ‘டெலிராரே’. காய்ச்சல் முற்றி நோயாளி பிதற்றும்போது டாக்டர்கள் ‘டெலிரியம்’ என்கிறார்களே, அது இந்தச் சால் விலகல்தான்.

இதைப் படித்த அன்று என் தாத்தா நினைவுக்கு வந்தார். திண்ணையில் மணலைப் பரப்பி, என் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, “அதே கோட்டு மேலே நீயே போடுப்பா” என்றார். விரல் கொஞ்சம் விலகினாலும் மணல் சரிந்து எழுத்து கெட்டுப்போகும். மணலில் விழுந்த அந்தப் பள்ளமும் ஒரு சால்தானே!

சரி, தடம் பார்த்து நடப்பவர் ஒருவர், காட்டுபவர் ஒருவர். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருவர் வேலைக்கும் இதே சொல் பொருந்தியது. 1611இல் அரசவையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில், தன் தீவைப் பறிகொடுத்த காலிபன் கொதிக்கிறான்: எனக்கு உங்கள் மொழியைக் கற்றுத்தந்ததற்காக உங்களைக் கொள்ளைநோய் கொண்டுபோகட்டும்! ‘கற்றுத்தந்ததற்காக’ என்ற இடத்தில் ஷேக்ஸ்பியர் போட்டிருப்பது ‘லேர்னிங்’. இன்று பரீட்சையில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆனால் இங்கிலாந்தின் வட்டார வழக்குகளில் கற்பிப்பதை ‘லேர்ன்’ என்று சொல்வது இன்னும் இருக்கிறது. அதைப் படிக்காதவர்களின் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். ஷேக்ஸ்பியருக்கும் முந்தைய வழக்கு அது.