சிரிக்க ஆளில்லாத சனிக்கிழமை

வணக்கம். நகைச்சுவை நடிகர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எப்போதுமே எதிரே உட்கார்ந்து சிரிக்கிறவர்கள் மேல்தான் கண். அவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் நன்றாகத் தெரிந்தது.

சாட்டர்டே நைட் லைவ் என்று ஒரு நிகழ்ச்சி. 1975இலிருந்து நியூயார்க்கில், ஸ்டூடியோவில் பார்வையாளர்களை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை ராத்திரி நேரலையாகக் குட்டிக் குட்டி நாடகங்கள் போடுவார்கள். கொரோனாவால் 2020 மார்ச் 7ஆம் தேதி நிகழ்ச்சியோடு ஸ்டூடியோவை மூட வேண்டியதாயிற்று. ஏப்ரல் 11 அன்று, அவரவர் வீட்டிலேயே எடுத்து அனுப்பியதை ஒட்டி ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். வழங்கியவர் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ். கொரோனா வந்து அப்போதுதான் தேறியிருந்தார். கோட்டு சூட்டோடு தன் வீட்டுச் சமையலறையில் நின்று பேசினார். கேள்வி கேட்க ஆள் வேண்டுமே, வேறு வேறு உடையில் அவரே பார்வையாளராகவும் வந்து கேள்வி கேட்டார்.

பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சிக்குச் சிரிப்பே வரவில்லை, எல்லாம் இழுவையாக இருந்தது. இன்னொரு கட்சிக்கு, பழகிய முகங்களைப் பார்த்ததே போதும், கண் கலங்கிவிட்டது. அப்புறம் இந்தக் கட்சி அந்தக் கட்சியைத் திட்ட ஆரம்பித்தது. உலகம் இருக்கிற இருப்பில் இப்படியா குறை சொல்வது என்று.

எனக்கு அந்தத் திட்டு பிடிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை என்று சொன்னவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்கள் காதில் விழுந்தது சரியான விஷயம். மேடையில் நடிகர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு நிற்பார், சிரிப்பு எழும்பி அடங்கும், அடங்குகிற அந்த நொடியில் அடுத்த வசனம் விழும். எவ்வளவு நேரம் நிற்பது என்று அவருக்குச் சொல்வது எதிரே இருக்கிறவர்கள்தான். அந்தக் கூட்டத்தை எடுத்துவிட்டால் நல்ல வசனம்கூடக் கிணற்றில் போட்ட கல்தான். வீடியோ அழைப்பில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, எல்லோரும் மைக்கை அணைத்து வைத்திருப்பதால் ஒரு சத்தமும் வராமல் விழித்திருப்பீர்களே, அதே சங்கடம்தான். நான் பேசுகிற இந்த ஸ்டூடியோவிலும் எனக்கு எதிரே யாரும் இல்லை, நீங்கள் சிரிக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் சும்மா பேசத்தான் வந்திருக்கிறேன். அந்த நடிகர்களோ சிரிக்க வைக்க வேண்டும்.

அந்த நிகழ்ச்சியில் செய்திகளைக் கிண்டல் செய்கிற ஒரு பகுதி உண்டு, காலின் ஜோஸ்ட், மைக்கேல் சே இருவரும் செய்வது. அன்றைக்குச் சில பேரை அழைப்பில் சேர்த்து, முகம் காட்டாமல் சிரிப்புச் சத்தம் மட்டும் வரும்படி செய்திருந்தார்கள். அதுவும் சிலருக்கு உறுத்தியது, சிலருக்கு அப்பாடா என்று இருந்தது. இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சேயின் பாட்டி கொரோனாவில் இறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒருவர் எழுதிய ஜோக்கை இன்னொருவர் முன்கூட்டிப் பார்க்காமல் வாசிக்கிற விளையாட்டு இவர்களுக்குள் உண்டு. பாட்டிக்கு அது ரொம்பப் பிடிக்கும், அவருக்காக ஒன்று வாசியேன் என்று சே கேட்டார். மறுக்க முடியுமா? ஜோஸ்ட் வாசித்தார். வாயால் சொல்லவே கூசுகிற ஒரு ஜோக். வாசித்து முடித்ததும் சே சொன்னார், பாட்டி அதையெல்லாம் பார்த்ததே இல்லை என்று. துக்கத்தில் இருக்கிற மனிதன் நண்பனை இப்படி மாட்டிவிட்டு மனம்விட்டுச் சிரிக்கிறான். அங்கே கூட்டம் தேவைப்படவில்லை பாருங்கள். சிரிக்க வேண்டிய ஆள் எதிரே, திரையிலேயே இருந்தார். அதனால்தான் அது எடுபட்டது என்பது என் கட்சி. தனித்தனியாகக் கேமராவைப் பார்த்துப் பேசிய பல துண்டுகள் எடுபடாததும் அதனால்தான்.

ஏப்ரல் 25இல் இதே போல வீட்டிலிருந்தே இரண்டாவது நிகழ்ச்சி. அதில் நடிகர் பிராட் பிட், கொரோனா சமயத்தில் அமெரிக்கர்களுக்குத் தொலைக்காட்சியில் விளக்கம் சொல்லிவந்த தொற்றுநோய் நிபுணர் டாக்டர் ஆன்டனி ஃபௌச்சியாக வந்தார். கடைசியில் விக்கைக் கழற்றிவிட்டு, தன் குரலிலேயே டாக்டருக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் நன்றி சொன்னார். அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டியதில்லை, அது நன்றி சொல்ல வந்த இடம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மே 9இல் மூன்றாவதாக ஒன்று வந்தது, அதை விட்டுவிடுகிறேன். அக்டோபர் 3இல் ஸ்டூடியோவுக்குத் திரும்பியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்போது நியூயார்க் மாநில விதிப்படி பொதுமக்களைப் பார்வையாளர்களாக உள்ளே விட முடியாது, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் என்றால் விடலாம். சரி என்று வந்தவர்களையே ஊழியர்களாகக் கணக்கில் சேர்த்து, ஆளுக்கு 150 டாலர் செக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அந்தக் காசு தண்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வணக்கம்.