கதையை நம்பாதீர்கள், சொற்களை நம்புங்கள்: கிரிப்டிக் குறுக்கெழுத்தை அவிழ்க்கும் முறை

[திரையில்: நான்கு வரிசை, நான்கு நிரல் கொண்ட வெற்றுக் கட்டம். அருகே நான்கு குறிப்புகள்.]

வணக்கம். வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியில் ‘அரசனின் மனைவி’ என்று கேட்டால் ‘அரசி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். கிரிப்டிக் வகையில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு குறிப்பும் ஒரு குட்டிக் கதையைச் சொல்லும். அந்தக் கதைக்கும் விடைக்கும் பெரும்பாலும் எந்தத் தொடர்பும் இருக்காது. இந்த விளக்கத்துக்காகவே அமைத்த ஒரு சிறு புதிரை இப்போது முழுவதுமாக அவிழ்க்கப் போகிறோம்.

[திரையில்:
இடமிருந்து வலம்
1. படிப்பு, பாகல் விதைக்குள் இருக்கிறது (3)
3. மடத்துக்குள் குருவின் தலை, மன்னன் தலைமேல் (4)
மேலிருந்து கீழ்
1. ஊரைவிட்ட கணபதிக்கு வரவு செலவு (4)
2. வியாபாரி தலையெடுத்ததும் கௌரவம் கருவறைக்கு மேலே (4)]

தொடங்குவதற்கு முன் விதியைச் சொல்லிவிடுகிறேன். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் குறிப்புகள் நேரடியாகவே பொருளைக் கேட்டன. அவற்றைப் பூடகமாக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வளர்ந்தது; அதில் முன்னோடி, 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழுக்குப் புதிர் அமைத்த டார்க்கமாடா. 1939-இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் ஸிமெனிஸ். இந்தப் புனைபெயர்கள் இரண்டுமே ஸ்பெயின் நாட்டு மத விசாரணை அதிகாரிகளின் பெயர்கள் என்பதிலிருந்து, தீர்ப்பவர்களை இவர்கள் எப்படி நடத்த நினைத்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் வதைப்பதிலும் ஒரு நேர்மை வேண்டும் என்று வலியுறுத்தியவர் ஸிமெனிஸ். அவருக்குப் பின் 1972-இல் வந்த அஸெட் அந்த நேர்மையை மூன்றாகச் சுருக்கினார்: விடையின் சரியான பொருள், விடையை அடைவதற்கு நியாயமான சொல்விளையாட்டு, இவை இரண்டைத் தவிர வேறொன்றும் இல்லை. தீர்ப்பவருக்கு மூன்றாவதே பெரிய துணை. குறிப்பில் வேலை செய்யாத சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றால், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி ‘உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

[திரையில்: இடமிருந்து வலம் 1 பெரிதாகிறது.]

படிப்பு பாகற்காயாகக் கசக்கிறது என்ற எண்ணத்தைக் கிளப்புவதுதான் இந்தக் குறிப்பின் தந்திரம். கசப்பை மறந்துவிட்டு ‘விதைக்குள் இருக்கிறது’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எதற்குள் இருக்கிறது? பாகல் விதை என்ற எழுத்துகளுக்குள். பா, க, ல், வி, தை என்று வரிசையாக எழுதி இரு ஓரங்களையும் மறைத்தால் நடுவில் நிற்பது ‘கல்வி’. பொருள் ‘படிப்பு’. மூன்று எழுத்து, சரியாகப் பொருந்துகிறது.

இங்கே புதிர் அமைப்பவர் ‘விதை’யைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாகல் கொடி என்று எழுத முனைந்தால் அது புணர்ந்து ‘பாகற்கொடி’ ஆகும். ‘ல்’ மறைந்து ‘ற்’ வந்து நிற்கும். ஒளித்து வைத்த சொல் உடைந்துவிடும். வகரத்துக்கு முன்னால் லகரம் மாறுவதில்லை என்பதால் ‘பாகல் விதை’ பிழைத்தது. ஆங்கிலத்தில் புதிர் அமைப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. தமிழில் அமைப்பவர் சந்தியோடு போராடாமல் ஒரு குறிப்பைக்கூட எழுத முடியாது.

[திரையில்: முதல் வரிசையில் க, ல், வி நிரம்புகின்றன.]

இப்போது மேலிருந்து கீழ் 2-க்கு முதல் எழுத்து ‘வி’ என்று தெரிந்துவிட்டது. ‘வியாபாரி தலையெடுத்ததும் கௌரவம் கருவறைக்கு மேலே.’ தலையெடுப்பது என்றால் முன்னுக்கு வருவது என்றுதான் நமக்குத் தோன்றும். புதிரில் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘வியாபாரி’ என்ற சொல்லின் தலையை எடுத்தால் ‘வி’. அதை அடுத்துக் கௌரவம், அதாவது ‘மானம்’. இரண்டும் சேர்ந்தால் ‘விமானம்’. வானத்தில் பறப்பதை நினைத்திருந்தால், ‘கருவறைக்கு மேலே’ என்ற பொருள் உங்களைக் கோயிலுக்குத் திருப்பியிருக்கும். கருவறையின் மேல் எழும் கட்டுமானத்துக்கும் விமானம் என்றே பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் வாயிற்கோபுரங்களைவிட உயர்ந்து நிற்பது அதுதான்.

[திரையில்: நான்காம் நிரல் நிரம்புகிறது. இடமிருந்து வலம் 3-இன் கடைசிக் கட்டத்தில் ‘ம்’.]

இடமிருந்து வலம் 3 இப்போது ‘ம்’ என்று முடிய வேண்டும். ‘மடத்துக்குள் குருவின் தலை’ என்பது பார்த்தவுடன் ஒரு மடாதிபதியைக் கண்முன் நிறுத்துகிறது. குருவின் தலை ‘கு’ என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அதை ‘மடம்’ என்ற சொல்லுக்குள் செருகினால் ‘மகுடம்’. மன்னன் தலைமேல் இருப்பதும் அதுவே. முதல் குறிப்பிலும் ‘க்குள்’ வந்தது, இங்கும் வருகிறது. அங்கே அது ‘உள்ளே ஒளிந்திருக்கிறது, தேடு’ என்றது, இங்கே ‘உள்ளே வை’ என்கிறது. ஒரே உருபு இரண்டு வேலை செய்வதால், விடை கிடைக்காதபோது இரண்டையும் முயன்று பார்ப்பதே வழி.

[திரையில்: கடைசி வரிசை நிரம்புகிறது. மேலிருந்து கீழ் 1: க, வெற்று, வெற்று, கு.]

எஞ்சியிருப்பது ‘ஊரைவிட்ட கணபதிக்கு வரவு செலவு.’ க என்று தொடங்கி கு என்று முடியும் நான்கெழுத்துச் சொல், பொருள் ‘வரவு செலவு’ என்றால் பலர் இந்நேரம் ‘கணக்கு’ என்று எழுதியிருப்பீர்கள். எழுதியது சரிதான். ஆனால் ஏன் என்று தெரியாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. குறுக்கே வரும் எழுத்துகளை வைத்து ஊகித்த விடை, சொல்விளையாட்டும் பொருந்திய பிறகே உறுதியாகிறது. ‘பதி’ என்பதற்கு ஊர் என்றும் பொருள் உண்டு. ‘கணபதிக்கு’ என்ற ஆறு எழுத்துகளிலிருந்து அந்தப் ‘பதி’யை வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது க, ண, க், கு.

இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கேள்விக்கு இடமளிப்பதும் இதுதான். முந்தைய குறிப்பில் ‘மடத்துக்குள்’ என்பதிலிருந்து சாரியையும் உருபும் கழன்று ‘மடம்’ மட்டுமே விடைக்குள் போனது. இங்கோ ‘க்கு’ என்ற வேற்றுமை உருபே விடையின் பாதியாகிவிட்டது. இது நியாயமா? நியாயம் என்பேன். அங்கே ‘க்குள்’ நமக்கு ஒரு கட்டளையாக நின்றது. இங்கே உருபுக்குத் தனியாகக் கட்டளை வேலை இல்லை என்பதால், அது எழுத்தாகவே எண்ணப்படுகிறது. பொருளாக ‘வரவு’ என்று தொடங்கும் சொல் வந்ததும் தற்செயலன்று. அந்த இடத்தில் ‘கூட்டல்’ என்று இருந்தால் ‘கணபதிக்குக் கூட்டல்’ என்று ஒற்று மிகுந்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ‘க்’ நடுவில் நின்றிருக்கும்.

[திரையில்: கட்டம் முழுவதும் நிரம்பியிருக்கிறது.]

இந்தக் கட்டத்தில் இடம் கிடைக்காத ஒரு வகையையும் பார்த்துவிடுவோம். ‘விகாரியில் புரண்டு ஓடும் ஆறு (3).’ விகாரி, அறுபது தமிழ் ஆண்டுகளில் முப்பத்து மூன்றாவது. 2019 ஏப்ரலில் பிறந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தைப் பற்றிய செய்தி என்று நினைக்க வைக்கும் இக்குறிப்பில் ‘புரண்டு’ என்பது எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது. வி, கா, ரி என்பதை மாற்றினால் ‘காவிரி’. தமிழில் ‘கா’ என்பது ஒரு கட்டத்தில் அடங்கும் ஓர் எழுத்து. அதை ‘க்’, ‘ஆ’ என்று பிளப்பதில்லை. அதனால் மூன்றெழுத்துச் சொல்லை மொத்தம் ஆறு விதமாக மட்டுமே அடுக்க முடியும். நான்கெழுத்து என்றால் இருபத்து நான்கு விதம். ஏழெட்டு எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஆளைத் திணறடிக்கும் ஆங்கிலப் புதிர்களோடு ஒப்பிட்டால், இந்த வகை தமிழில் சற்று எளிது. நல்ல தமிழ்ப் புதிர்கள் கலைப்பதைவிடப் பிரிப்பதிலும் செருகுவதிலும் அதிகம் விளையாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தலைகீழாகத் திருப்பும் வகை தமிழில் இன்னும் அரிது. ‘ம்’, ‘ல்’, ‘ர்’ என்று முடியும் சொற்களைத் திருப்பினால் மெய்யெழுத்து முதலில் வந்து நிற்கும். அப்படி ஒரு தமிழ்ச் சொல் தொடங்காது. வார இதழ்ப் புதிர்கள் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று தனித் தலைப்பே போட்டு இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகின்றன.

[திரையில்: தலையிழந்த தவளை, நண்டுக்கு வீடு (2)]

இதை நீங்களே அவிழ்த்துப் பாருங்கள். எந்தச் சொல் கட்டளை, எந்தச் சொல் மூலப்பொருள், எங்கே பொருள் தொடங்குகிறது என்று மூன்றையும் பிரித்துக் குறித்துக்கொண்ட பிறகு விடையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.