குளிசையும் கொழுந்தும்

வணக்கம் நேயர்களே. தேயிலை ஸ்டோர் பக்கம் நடந்தவர்களுக்கு அந்த வாசம் தெரியும். வாடிய கொழுந்து ரோலரில் நசுங்கி, கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாகிறது. நிறத்தை மாற்றுவது ரோலர் இல்லை, இலைக்குள்ளேயே இருக்கும் நொதியம். ரோலர் அதற்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

விழுங்கிய குளிசைக்கும் இப்படி நடக்கும். மருந்தை மாற்றுவது ஈரல் என்று படித்திருப்போம். சரிதான். ஆனால் குடலில் குடியிருக்கும் பற்றீரியாக்களிடமும் நொதியங்கள் உண்டு, அவையும் மருந்தில் கை வைக்கும்.

சில நேரம் அது நல்லதற்கு. பெருங்குடல் புண்ணுக்குத் தரும் சல்பசலசீன், இரண்டு பொருட்களைக் கொக்கி போட்டு மாட்டிய மருந்து. பற்றீரியா கொக்கியைக் கழற்றினால்தான் அது வேலை செய்யும். சில நேரம் கெடுதலுக்கு. புற்றுநோய்க்கான இரினோடெக்கான் மருந்தின் நச்சுப் பகுதியை ஈரல் மூடி போட்டுக் குடலுக்கு அனுப்புகிறது. அங்கே பற்றீரியா மூடியைத் திறந்துவிட, நோயாளிக்குக் கடும் வயிற்றோட்டம்.

என்னைப் போன்ற மருந்தாளர்களுக்குப் பயம் தருவது டிகொக்சின். இருதயத்துக்கான குளிசை. அளவு கொஞ்சம் கூடினாலும் வாந்தி, பார்வையில் மஞ்சள், தாறுமாறான நாடித்துடிப்பு. ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு, எகர்தெல்லா லென்டா என்ற குடல் பற்றீரியா இதில் பெரும்பங்கைச் செயலற்றதாக்கிவிடும். அப்படிப்பட்டவர் எரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக் குடித்தால் அந்தப் பற்றீரியா ஒடுங்கும், இரத்தத்தில் டிகொக்சின் ஏறும். 1981இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதைக் காட்டினார்கள். அதற்காக நீங்களாகவே எந்தக் குளிசையையும் நிறுத்திவிடாதீர்கள்!

ஒரு மழைநாள், லயத்திலிருந்து ஒரு பாட்டி கிளினிக்குக்கு வந்தார். வேறு ஏதும் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "இருமலுக்கு டவுன்ல குடுத்தாங்க ஐயா, செவப்புக் குளிசை" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கடதாசி உறை. காலை, மதியம், இரவு என்று எழுதியிருந்தது, மருந்தின் பெயர் இல்லை. எனக்குக் கோபம்தான், ஆனால் பாட்டியிடம் காட்டி என்ன பயன்? பேரனை டவுனுக்கு அனுப்பிக் கேட்டுவரச் சொன்னேன். முக்கால் மணித்தியாலம் கழித்து நனைந்துகொண்டே வந்தான். துண்டுச்சீட்டில் எரித்ரோமைசின் என்றிருந்தது. பாட்டியின் கிளினிக் கொப்பியில் இரண்டாவது வரி, டிகொக்சின். இரண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரின் அறைக்குப் போனேன்.