எலி கிளம்புகிறது, ஓநாய் விடுவதாக இல்லை

அன்பர்களே, வணக்கம்.

'பேபி, இட்ஸ் கோல்ட் அவுட்சைட்' பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. வெளியே பனி. வீட்டுக்குப் போகணும் என்கிறது ஒரு குரல், கொஞ்சம் இரு என்கிறது இன்னொன்று. அவ்வளவுதான் கதை. ஆனாலும் டிசம்பர் பிறந்தால் அமெரிக்க வானொலியில் இதற்கு ஓய்வில்லை.

பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஃபிராங்க் லெஸ்ஸர் 1944-ல் எழுதியது. நியூயார்க்கில் தம் புதுமனை விருந்தில், விருந்தினர் கிளம்பும் நேரத்தை ஜாடையாகச் சொல்ல, மனைவி லின்னோடு சேர்ந்து பாடினார். பிறகு அதை எம்.ஜி.எம் படநிறுவனத்துக்கு விற்றார். நம் வீட்டுப் பாட்டை விற்றுவிட்டாரே என்று லின்னுக்குக் கோபம்! 1949-ல் 'நெப்டியூன்ஸ் டாட்டர்' படத்தில் வந்து ஆஸ்கரும் வாங்கியது. அந்தப் படத்திலேயே பாட்டு இரண்டு தடவை வருகிறது. ஒன்றில் ஆண் தடுக்கிறான். மற்றதில் நடிகை பெட்டி காரெட் தடுக்க, ரெட் ஸ்கெல்டன் தப்பிக்கப் பார்க்கிறார். ஷீ அண்ட் ஹிம் என்ற இசை ஜோடி 2011-ல் பாத்திரங்களை மாற்றிப் பாடியதைப் புதுமை என்பவர்கள் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

அச்சிட்ட ஸ்வரத்தாளில் ஆண், பெண் என்று போடவில்லை. எலி, ஓநாய் என்றே போட்டிருக்கிறது. எலி ஒரு சாக்குச் சொல்லும். அது வாய் மூடுவதற்குள் ஓநாய் குறுக்கே விழும். எலியின் கடைசி அசையும் ஓநாயின் முதல் அசையும் உரச வேண்டும். கவர் பதிவுகளை, அதாவது பிறகு வேறு வேறு பேர் பாடிய பதிவுகளை, ஒப்பிட நான் வைக்கும் முதல் உரைகல் இதுதான். ஓநாய் மரியாதையாகக் காத்திருந்து பாடினால் அங்கே பேச்சு போய்விடும், ஒப்பித்தல்தான் மிஞ்சும். இரண்டு குரலையும் தனித்தனி நாளில் பதிந்து ஒட்டும்போது இந்தக் கோளாறு சுலபமாக நேரும்: எதிராளியின் மூச்சு காதில் விழாமல் எப்படிக் குறுக்கிடுவது?

அடுத்தது சுருதி. நம் மேடையில் ஆண் ஒரு கட்டையிலும் பெண் ஐந்து கட்டையிலும் பாடுவது வழக்கம் (கட்டை ஏற ஏறச் சுருதியும் ஏறும்). ஜோடிப் பாட்டில் இருவருக்கும் ஒரே சுருதி. ஆகவே ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெண் குரலைத் தாழ்த்தினால் நெருக்கம் கூடும், கீழே போகப்போக வார்த்தை மங்கும். ஆணை மேலே ஏற்றினால் கெஞ்சல், அதட்டலாகக் கேட்கும்.

இந்த இரண்டிலும் தேறுவது பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயிஸ் ஜோர்டனும் 1949-ல் பாடியது. தாளம் துள்ளுகிறது, இருவருமே விளையாடுகிறார்கள், யாருக்கும் பயமில்லை. ரே சார்ல்ஸும் பெட்டி கார்ட்டரும் 1961-ல் பாடியது நேர் எதிர். காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், நன்றாக இறங்கியிருக்கிறது. கார்ட்டர் தாளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே நடக்கிறார். போக மனமில்லை என்பதை அந்தத் தாமதமே சொல்லிவிடுகிறது. எனக்கு முதலிடம் இதற்குத்தான். மெதுவாகப் பாட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வேகம் குறையக் குறைய வரிகளுக்கு நடுவே பள்ளம் விழும். அதை இடைவெளியாக விட்டால் பாட்டு தூங்கிவிடும்.

லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், வெல்மா மிடில்டன் 1951-ல் பாசடீனா மேடையில் பாடியது முழுக்கக் கூத்து. சிரிக்கக் கேட்கலாம். டீன் மார்ட்டின் 1959-ல் பாடியதில் எதிரே ஒரு பெண் இல்லை, பெண்கள் கோரஸ். குரல் தேன்தான், ஆனால் கூட்டத்தை எப்படிக் கெஞ்சுவது?

2019-ல் ஜான் லெஜெண்டும் கெல்லி கிளார்க்சனும் வரிகளை மாற்றிப் பாடினார்கள். பழைய வரிகள் வற்புறுத்தலாகப் படுகின்றன என்ற குறைக்கு அது பதில். குறை நியாயமானதே. ஆனால் அவள் கிளம்புகிறேன் என்றதும் இவன் வண்டி கூப்பிடுகிறேன் என்கிறான். பிறகு குறுக்கிட என்ன இருக்கிறது? மெட்டு இழுபறிக்குப் போட்டது; வார்த்தையில் இழுபறி இல்லை.

இப்போது ஃபிட்ஸ்ஜெரால்டு பதிவைப் போடுகிறோம். ஓநாய் நுழையும் இடத்தில் மட்டும் விரலைச் சொடுக்குங்கள். கடைசி வரியில் சொடுக்க வேண்டாம். அங்கே இருவரும் சேர்ந்தே பாடுகிறார்கள்.