பூண்டுப் பல்லும் பெருங்குடலும்

நேயர்களுக்கு வணக்கம்.

நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் மாணவர்கள் விரும்பிச் செய்யும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. பூண்டை நசுக்கிப் பிழிந்த சாற்றில் சிறு வட்டமான வடிதாளை நனைத்து, பாக்டீரியா பரப்பிய அகர்த் தட்டின் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டின்) நடுவில் வைத்து, 37 பாகை வெப்பத்தில் இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் தட்டெங்கும் வெளிறிய படலம் படர்ந்திருக்க, தாளைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காத தெளிந்த வளையம் ஒன்று தெரியும். தட்டைத் திறந்தவரின் விரலில் பூண்டு வாடை மாலைவரை போகாது.

அந்த வளையத்தை உண்டாக்குவது அல்லிசின் என்ற கந்தகச் சேர்மம். 1944-ஆம் ஆண்டில் காவல்லிட்டோ, பெய்லி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை ஒடுக்கும் அதன் ஆற்றலை விவரித்தார்கள். நசுக்காத பல்லில் அல்லிசின் கிடையாது. அல்லீன் என்ற மூலப்பொருளும், அதை அல்லிசினாக மாற்றும் அல்லினேஸ் நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. பல் நசுங்கி இரண்டும் கலந்த சில நொடிகளில்தான் அது பிறக்கிறது. நல்லது, கெட்டது என்று அது ஆள் பார்ப்பதில்லை. குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோபாக்டீரியாவும் ஆய்வகத் தட்டில் பூண்டுச் சாற்றுக்குப் பணிந்துவிடுவதுண்டு.

ஆனால் அதே பல்லில் ஈரத்தை நீக்கிய பிறகு எஞ்சும் எடையில் பெரும்பங்கு ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை. ஃபிரக்டோஸ் மூலக்கூறுகள் கோத்த இந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லாததால், அது செரிக்காமலே பெருங்குடலை அடைகிறது. அங்கே அதை அறுத்து உண்ணத் தெரிந்தவற்றுள் முக்கியமானது, 1899-இல் பாரிஸ் நகரில் ஹென்றி டிசியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த அதே பிஃபிடோபாக்டீரியா. நாம் செரிக்க இயலாமல், நன்மை தரும் நுண்ணுயிர்களை வளர்க்கும் இத்தகைய உணவுக்கூறுகளுக்கு 1995-இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் பிரீபயாட்டிக் என்று பெயரிட்டார்கள்.

ஆக, ஒரே பல்லில் கொல்லும் பொருளும் இருக்கிறது, ஊட்டும் பொருளும் இருக்கிறது. எது மேலோங்கும் என்பதைச் சமையல் பெரிதும் தீர்மானிக்கிறது. கொதிக்கும் குழம்பில் முழுப் பல்லைப் போட்டால், அல்லிசின் பிறக்கும் முன்பே சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஃபிரக்டானில் பெரும்பகுதி பல்லிலும், கரைந்த பகுதி குழம்பிலுமாக நம் வயிற்றுக்கு வந்துசேரும். பச்சையாக நசுக்கித் தின்றாலும், அல்லிசின் வழியில் எதிர்ப்படும் புரதங்களோடு விரைவாக வினைபுரிந்து மாறிவிடக்கூடியது. முழு வடிவில் பெருங்குடல்வரை போய் வளையம் போடும் என்று எதிர்பார்க்க முடியாது. தட்டில் கண்டதைக் குடலில் நடந்ததாகச் சொல்லும் விளம்பரங்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

பெருங்குடலில் பாக்டீரியா தனித்து வாழ்வதில்லை. பிஃபிடோபாக்டீரியா ஃபிரக்டானை உண்டு அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வெளியேற்றுகிறது. ஃபீக்கலிபாக்டீரியம் போன்ற வேறு இனங்கள் அந்த அசிட்டேட்டை எடுத்துக்கொண்டு பியூட்டிரேட்டை உருவாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்தப் பியூட்டிரேட்தான். உளுந்திலும் கொண்டைக்கடலையிலும் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளும் இப்படியே நொதிக்கின்றன. சுண்டல் தின்ற மாலையில் வயிறு உப்புவது அதன் விளைவே. கடலையை ஊறவைத்த நீரைக் கொட்டிவிடும் வழக்கத்தால் உப்புசம் ஓரளவு குறையும். பாக்டீரியாவின் பங்கில் ஒரு பகுதியும் அந்த நீரோடு போய்விடும் என்பதை யாரும் சொல்வதில்லை.

தாவரங்களில் காணப்படும் பாலிஃபீனால் என்ற சேர்மங்களின் கதை இன்னும் சிக்கலானது. மாதுளையில் உள்ள எல்லஜிடானின் என்ற பாலிஃபீனால்களைக் குடல் பாக்டீரியாக்கள் படிப்படியாகச் சிதைத்து யூரோலித்தின் என்ற சேர்மங்களாக்குகின்றன. ஆனால் அதைச் செய்யவல்ல இனங்கள் எல்லாருடைய குடலிலும் இல்லை. ஒரே பழத்தைப் பகிர்ந்து தின்ற இருவரில் ஒருவர் உடலில் யூரோலித்தின் மிகுந்தும், மற்றவர் உடலில் அறவே இல்லாமலும் இருக்கலாம். இந்த நிலையில், ஒரு தாவரச் சாறு அனைவருக்கும் நல்ல பாக்டீரியாவைப் பெருக்கும் என்று புட்டியில் அச்சிடுவது அவசரப்பட்ட பேச்சு.

குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ளவர்களுக்கு ஒரு சொல். பூண்டும் வெங்காயமும் அவர்களுக்கு வலியையும் உப்புசத்தையும் தரலாம் என்பதால், மெல்போர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில் சில வாரங்களுக்கு இரண்டும் விலக்கப்படுகின்றன. வலி பலருக்குத் தணிகிறது. கூடவே பிஃபிடோபாக்டீரியாவின் எண்ணிக்கையும் சரிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால்தான் அந்த விலக்கைக் காலமெல்லாம் நீட்டாமல், உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில் ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் பூண்டு மணம் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள், முழுப் பற்களை எண்ணெயில் வதக்கிப் பிறகு பற்களை எடுத்துவிடலாம். மணம் எண்ணெயில் இறங்கிவிடும். ஃபிரக்டான் நீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது என்பதால், எடுத்த பல்லோடு அதுவும் வெளியேறிவிடும்.

நன்றி, வணக்கம்.