வள்ளி நடந்தாள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், தைப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இந்நேரம் வரை உட்கார்ந்திருக்கிற தேன்கனிக்கோட்டைப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

வள்ளி திருமணத்தில் விஞ்சி நிற்பது முருகனின் காதலா, வள்ளியின் உறுதியா? உறுதிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் முருகனுக்காக உருகினார். சூரனை வென்றவன், இந்திரனே தேடி வந்து தேவசேனையைக் கைப்பிடித்துக் கொடுக்கப் பெற்றவன், ஒரு தினைப்புனத்துக்கு இறங்கி வந்து வேடனானான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகத் தள்ளாடினான் என்று அடுக்கினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "யானைக்குப் பயந்துதானே வள்ளி சரி என்றாள், இதில் உறுதி எங்கே?" கைதட்டலும் வாங்கினார். நான் அந்த யானையிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் தருமபுரி டவுன்காரர். நான் அஞ்செட்டிப் பக்கம். ராகி கதிர் வாங்கிவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ராத்திரி வீட்டில் படுக்க மாட்டார்கள். கொல்லையில் மரத்து மேல் பரண், கையில் டார்ச், தட்டுவதற்கு ஒரு தகர டின். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவோடு பரணில் படுத்திருந்தேன். நடுச்சாமத்தில் ராகித் தாளைக் கொத்தாகப் பிடுங்கி, காலில் அடித்து மண்ணை உதறுகிற சத்தம். எங்கள் மரத்துக்கு நேர் கீழே ஒற்றை யானை. அவ்வளவு கிட்டத்தில் நிற்கும்போது டின்னைத் தட்ட முடியாது. அம்மா என் வாயைப் பொத்தி மடியில் அழுத்திக்கொண்டாள். அவள் வயிறு நடுங்கியது என் கன்னத்தில் தெரிந்தது. விடிந்து பார்த்தால் பாதிக் கொல்லை இல்லை. அன்று சாயங்காலம் அம்மா ராகிக் களியைக் கிண்டி வைத்துவிட்டு மறுபடியும் அதே பரணில் ஏறினாள்.

அண்ணா, பரணில் நடுங்கியவளும் மறுநாள் ஏறியவளும் ஒரே பெண்தான். வள்ளியும் பரண்மேல் நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிக் காவல் காத்தவள். யானை வந்தால் நடுங்கத்தான் செய்வாள். அதை வைத்து அவள் மனசை அளக்காதீர்கள்.

அந்த யானை ஏன் வந்தது என்று அண்ணன் சொல்லவில்லை. கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலத்தைப் பாருங்கள். வேடனாக வந்து ஆசை வார்த்தை பேசியவனிடம், நான் தினை காக்கிற குறமகள், நீங்கள் என்னிடம் இப்படிப் பேசுவது முறையல்ல என்கிறாள். அவள் அப்பன் நம்பிராஜன் வந்ததால்தான் அவன் வேங்கை ஆனான், மறுபடி வந்தபோது கிழவன் ஆனான், அது வேறு கணக்கு. ஆனால் கிழவனாக வந்தும் அவள் மசியவில்லை. பசி என்று வந்த கிழவனுக்குத் தேனும் தினைமாவும் கொடுத்தாள், தாகத்துக்குச் சுனையைக் காட்டினாள். அடுத்து அவன் காதல் என்று வாயெடுத்ததும் கடிந்து பேசிவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்கப்புறம்தான் அண்ணனைக் கூப்பிட்டான் முருகன், பிள்ளையார் யானையாக வந்தார். எதிரணி எண்ணிக் காட்டிய வேடன், கிழவன் இரண்டு வேஷமும் வள்ளி மறுத்தாள் என்பதற்குத்தான் சாட்சி.

சரி, யானை பயத்தில் சரி என்றாள் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு நடந்தது என்ன? தினை அறுவடை முடிந்து அவளை அவர்கள் ஊரான சிறுகுடிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். சோறு இறங்கவில்லை, உடம்பு இளைத்தது. ஏதோ அணங்கு பிடித்துவிட்டது என்று வீட்டார் சாமியாடிக் குறி கேட்கிற வெறியாட்டு நடத்தினார்கள். பயத்தில் சொன்ன வார்த்தை என்றால் அங்கேயே மறந்திருக்கலாம். அப்பன் வீடு, சுற்றிலும் வேடர் படை, எந்த யானை அண்டும்? ஆனால் ஊர் உறங்கிய பிறகு, தோழி துணை நிற்க, வாசலைத் தாண்டினாளே. அந்த ராத்திரி அவளைத் துரத்திய யானை எது? நற்றிணையின் 82ஆம் பாட்டு, "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" என்கிறது. இயன்ற என்றால் நடந்த, சென்ற. முருகனோடு சேர்ந்து நடந்தவள் என்பதுதான் சங்கப் புலவன் மனசில் நின்ற வள்ளி. அவளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை ஐயா.

இனி நான் சொல்லப்போகும் இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். விடிந்ததும் நம்பிராஜன் படையோடு விரட்டி வந்து அம்பு விடுகிறான். முருகனின் சேவல் கூவுகிறது. அப்பனும் சொந்தமும் அப்படியே விழுந்து உயிர்விடுகிறார்கள். வள்ளி அழுகிறாள். பெற்றவர்களின் சம்மதம் இல்லாமல் கொண்டுபோவது முறையா என்று நாரதர் வந்து கேட்க, திரும்பி வருகிறார்கள். இப்போது எழுப்ப வேண்டும். எழுப்பச் சொல்லி முருகன் யாரிடம் விடுகிறான்? வள்ளியிடம். "எழுக" என்கிறாள் அவள். நம்பிராஜன் கண் விழிக்கிறான். தன்மேல் அம்பு தொடுத்து வந்த அப்பனை மகளே எழுப்புகிறாள்.

எழுந்தவன் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். அவர்களைச் சிறுகுடிக்கு அழைத்துப் போய், புலித்தோல் விரித்து உட்கார வைத்து, ஊரார் முன்னால் மகளின் கையை எடுத்து முருகன் கையில் வைத்தான்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் ஐயா. வணக்கம்.